நாக்கில் ஸ்டட் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

பாலக்கோடு பக்கத்து ஊர்க்காரர், ஓசூரில் தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் 23 வயதுத் தம்பி கேட்டிருந்தார். நாக்கில் ஸ்டட் போட்டுக்கொள்ள ஆசையாம், பெங்களூரில் ஒரு கடையில் விலை விசாரித்து நாளும் குறித்தாகிவிட்டது, அம்மா மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறாராம். "திருவிழாவில் நாக்கில் அலகு குத்துகிறவர்கள் மறுநாளே சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள், இதில் மட்டும் அப்படி என்ன ஆபத்து?" என்பது அவர் கேள்வி. நான் தர்மபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறவன். கேள்வி நியாயமானதுதான், ஒரு வரியில் பதில் சொன்னால் அம்மா சொன்னதையே நானும் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அலகு. குமாரசாமிப்பேட்டை தைப்பூசமோ உங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையோ, அலகு குத்துகிறவர் அதைச் சில மணி நேரம் வைத்திருக்கிறார், நேர்த்திக்கடன் முடிந்ததும் கழற்றிவிடுகிறார். நாக்கில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் அந்த ஓட்டை சீக்கிரம் மூடிக்கொள்ளும். அதிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒரே அலகை அடுத்தடுத்து நாலு பேருக்குக் குத்தினால் ஒருவர் ரத்தத்தில் இருப்பது இன்னொருவருக்குப் போகும், டெட்டனஸ் பயமும் உண்டு. ஆனால் நீங்கள் போடப்போவது கழற்றுகிற சமாச்சாரம் இல்லை. உலோகக் கம்பி, இரண்டு முனையிலும் குண்டு, வருஷக்கணக்கில் பல்லுக்குப் பக்கத்திலேயே கிடக்கப்போகிறது. குத்துகிற அன்றைக்கு நடக்கக்கூடியதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், நான் கிளினிக்கில் பார்க்கிற சேதமோ பெரும்பாலும் அதற்கு ரெண்டு மூன்று வருஷம் கழித்து, வலியே இல்லாமல் வந்து நிற்கிற சேதம்.

காது குத்துவதோடும் இதை ஒப்பிட வேண்டாம். காது மடல் காய்ந்த இடம், அசையாத இடம், அங்கே இடிபடப் பல் கிடையாது. வாய் எப்போதும் ஈரம், நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் நிரந்தரமாகக் குடியிருக்கிற இடம், பேசும்போது, விழுங்கும்போது, தூங்கும்போதுகூட நாக்கு அசைந்துகொண்டேதான் இருக்கும். அந்த இடத்தில் 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கம்பிக்கு வழிவிட்டு ஓர் ஓட்டையை மூடவிடாமல் வைத்திருக்கப்போகிறோம்.

சரி, குத்துகிற நாளை முதலில் முடித்துவிடுகிறேன். நாக்குக்குள் இடமும் வலமுமாக இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, நடுக்கோட்டில் அவ்வளவாக இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நட்ட நடுவில் மேலிருந்து கீழாகக் குத்துவார்கள். கொஞ்சம் விலகினால் ரத்தம் நிற்காமல் போவதற்கும், ருசியும் தொடு உணர்ச்சியும் மரத்துப்போவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. நாக்கு நுனியில் பக்கவாட்டில் குத்தி இரண்டு பக்கமும் குண்டு தெரிகிற மாதிரி, பாம்புக் கண் என்று ஒன்று இப்போது ஓடுகிறது, அது இன்னும் மோசம், தனித்தனியாக அசைய வேண்டிய இரண்டு பக்கத் தசையையும் ஒரு கம்பியால் பூட்டிவிடுகிறது, போதாததற்கு குண்டுகள் நேராக முன்பல்லுக்கு எதிரில் உட்கார்ந்துவிடும்.

குத்தியதும் நாக்கு வீங்கும். இது எல்லோருக்கும் வரும், முதல் வாரம் முழுக்க இருக்கும், அதில் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அதிகம். அதற்கு இடம்விட்டுத்தான் முதலில் நீளமான கம்பி போடுகிறார்கள், கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். குட்டையாகப் போட்டுவிட்டால் வீங்கின நாக்கு குண்டையே விழுங்கிவிடும், பிறகு மரத்துப்போக ஊசி போட்டுக் கீறித்தான் எடுக்க வேண்டும். வீக்கம் வடிந்து காயம் ஆற 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குப் பிறகு கடைக்குத் திரும்பப் போய்க் குட்டைக் கம்பி மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத்தான் நம் பையன்கள் செய்வதில்லை. நீளக் கம்பியோடே வருஷக்கணக்கில் திரிகிறார்கள், அதனால் என்ன ஆகிறது என்று கீழே சொல்கிறேன்.

சீழ் பிடிப்பதும் நடக்கும். பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். ஆனால் அரிதாகக் கிருமி நாக்குக்கு அடியில், தாடைக்குக் கீழே இறங்கிப் பரவினால் அந்த இடம் மொத்தமும் பலகை மாதிரி இறுகும், நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், எச்சில் விழுங்க முடியாமல் வழியும், குரல் மாறும், மூச்சுக்குழாய் அடைபடும். லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர், பெயரில் ஆஞ்சைனா இருந்தாலும் இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாக்கில் குத்தினவர்களுக்கு இது வந்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இந்த அறிகுறி எதைப் பார்த்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்கோ, எது பக்கமோ அங்கே உடனே போக வேண்டும். இதற்குப் பல் கிளினிக்கைத் தேடி அலைய வேண்டாம், என்னிடம் வந்தாலும் நான் அங்கேதான் அனுப்புவேன்.

ஊசி வழியாகப் பரவுகிறவற்றில் எச்.ஐ.வி.யை எல்லோரும் கேட்கிறார்கள், கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி-யை ஒருவரும் கேட்பதில்லை. அது எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றுவது, காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதும் லைட்டரில் காட்டுவதும் இதற்குக் கணக்கே இல்லை. குத்துகிற ஊசி உங்கள் கண்ணுக்கு முன்னால் கவரைப் பிரித்து எடுத்ததாக இருக்க வேண்டும், இடுக்கி வகையறாக்களை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தத்தோடு 121 டிகிரி நீராவியில் வேக வைத்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் அது சேர்ந்தது 2011-ல்தான், உங்கள் வயதுக்காரர்களில் பலர் போட்டிருக்கவே மாட்டார்கள். மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. நாக்கில் குத்தினாலும் குத்தாவிட்டாலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிலரிடம் மட்டும் பேச்சே கிடையாது, போடாதே என்றுதான் சொல்வேன். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள், வால்வு மாற்றியவர்கள், சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதித்து, மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். நம் நாட்டில் இந்த மூட்டுக் காய்ச்சல் வால்வு நோய் இன்னும் இருக்கிறது, வெளிநாட்டு வீடியோவில் இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து அந்த வால்வில் போய் ஒட்டினால் எண்டோகார்டைடிஸ், ஆளையே கொண்டுபோகக்கூடியது. ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கம் இப்படிப்பட்டவர்கள் உடம்பில் எங்குமே குத்திக்கொள்ள வேண்டாம் என்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகளுக்கும் அதே பதில்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வாயில் ஒரு குண்டு கிடந்தால் அதோடு விளையாடாத மனிதர் கிடையாது. பல்லில் தட்டுவது, இரண்டு பல்லுக்கு நடுவில் அழுத்துவது, கடைவாயில் வைத்துக் கடிப்பது, பஸ்ஸில் போகும்போது, போன் பார்க்கும்போது, தெரியாமலேயே. கீழ் முன்பற்களின் உள்பக்கம் ஈறு மெல்லிசு, அதற்குள் இருக்கிற எலும்பு அதைவிட மெல்லிசு. நீளக் கம்பியின் கீழ்க் குண்டு நாள் முழுக்க அங்கேதான் உரசும். இரும்புக் கேட்டின் கொக்கி தினம் தினம் தட்டித் தட்டிச் சுவர்ப் பூச்சு உதிர்கிற மாதிரி அந்த ஈறு கீழே இறங்கிக்கொண்டே போகும். உள்பக்கமாக இருப்பதால் கண்ணாடியில் தெரியாது. வலிக்காது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கொஞ்சம் கூசும், அதற்குக் கடையில் கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கித் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். வேர் பாதி வெளியே தெரிந்து பல் ஆடத் தொடங்கின பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். இறங்கின ஈறு தானாகத் திரும்ப ஏறாது, தெரியுமா? மேல் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டலாம், செலவு அதிகம், கீழ்ப்பல் உள்பக்கத்தில் அது நன்றாகப் பிடிக்கும் என்று உறுதி தருவதும் கஷ்டம். எலும்பே கரைந்து போயிருந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை, 25 வயதில்.

கணக்கு வேண்டுமா? பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், நாக்கில் போட்டவர்களில் 44 சதவீதம் வரையும் உதட்டில் போட்டவர்களில் 50 சதவீதம் வரையும் ஈறு இறங்கியிருந்தது. பல் உடைவு, விரிசல் நாக்கில் போட்டவர்களில் 37 சதவீதம் வரை. 2002-ல் அமெரிக்காவில் 52 பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வு ஒன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது காலத்தையும் கம்பி நீளத்தையும் அளந்தது. சுமார் 1.6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கம்பியை 2 வருஷத்துக்கு மேல் போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஈறு இறங்கியிருந்தது. 4 வருஷத்துக்கு மேல் போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கடைவாய்ப் பல் சில்லு சில்லாக உடைந்திருந்தது. ஆக, "என் ஃப்ரெண்ட் போட்டு ஆறு மாசம் ஆச்சு, ஒன்றுமே ஆகலை" என்று நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன், ஆறு மாதத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாதுதான்.

இதில் நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சங்கதி இருக்கிறது, பெங்களூர்க் கடைக்காரருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகம், பல் உருவாகிற வயதில் அது அளவு மீறினால் பல்லைக் கெடுக்கும், அதற்குத்தான் ஃப்ளோரோசிஸ் என்று பெயர். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து எத்தனையோ போர் தண்ணீர் அந்த அளவைத் தாண்டினது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு "ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம்" என்றும் சேர்த்துப் பெயர் வைத்ததே இதற்காகத்தான். அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். ஞானப்பல் தவிர மற்ற நிரந்தரப் பற்களின் எனாமல், அதாவது பல்லின் மேல் ஓடு, எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். நீங்கள் அந்த வயதைத் தாண்டின பிறகுதான் காவிரித் தண்ணீர் வந்தது, அதாவது உங்கள் பல் போர் தண்ணீரில் உருவான பல்.

பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள் பழுப்புக் கறை, சின்னச் சின்னக் குழி இருந்தால் அது ஃப்ளோரோசிஸ். லேசாக இருந்தால் பயமில்லை, பார்வைக்கு மட்டும்தான் குறை. ஆனால் பழுப்பேறி, குழி விழுந்த பல்லில் எனாமல் மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே நுண்துளை விழுந்து பலவீனமாக இருக்கும், சாதாரணமாக மெல்லுவதிலேயே ஓரம் உதிரும். அப்படிப்பட்ட பல்லுக்குப் பக்கத்தில் ஓர் உலோகக் குண்டைக் கட்டி வைத்தால்? மேலே சொன்ன 47 சதவீதம் நம் ஊர்ப் பல்லில் எடுத்த கணக்கு இல்லை. இங்கே அதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து, ஆய்வு என்று சொல்லவில்லை, தினம் பார்க்கிற பற்களை வைத்துச் சொல்கிறேன். குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்கள், குத்துவதற்கு முன்னால் ஒரு பல் மருத்துவரிடம் வாயைக் காட்டி, ஃப்ளோரோசிஸ் எந்த அளவு, கீழ் முன்பல் ஈறு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பழுப்புக் குழி இருக்கிறது என்று சொன்னால் நாக்கு ஸ்டட்டை மறந்துவிடுங்கள்.

உதட்டு ஸ்டட்டில் உள்பக்கத் தட்டு கீழ் முன்பல்லின் வெளிப்பக்க ஈறைத் தேய்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம், கதை ஒன்றே. மேலுதட்டுக்குள் இருக்கிற மெல்லிய நரம்பு மாதிரியான சவ்வில் மாட்டுகிற வளையமும் அப்படித்தான், அது சில மாதத்தில் தானாகவே அறுத்துக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. நாக்கைப் பாம்பு மாதிரி இரண்டாகப் பிளப்பதை இந்தப் பட்டியலிலேயே நான் சேர்க்க மாட்டேன், அது அறுவை சிகிச்சை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் அதைச் செய்து வீடியோ போட்டவர்களைப் போலீஸ் கைது செய்து கடைக்குச் சீல் வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் போகிறேன் என்றால், போடுங்கள், 23 வயதில் உங்கள் வாய் உங்களுடையது, நான் அம்மா பக்கம் நின்று சண்டை போடப்போவதில்லை. ஆனால் ஃபேன்சி ஸ்டோரில் காது குத்துகிற துப்பாக்கியை வாய்க்குள் கொண்டுவர யாரையும் விடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆட்டோகிளேவில் வைக்கவே முடியாது. சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம், அது ஏதோ ஒரு பயிற்சி முடித்த காகிதம், மருத்துவத் தகுதி இல்லை. கம்பி டைட்டானியமா என்று கேளுங்கள். சர்ஜிக்கல் ஸ்டீல் என்பதில் நிக்கல் உண்டு, கவரிங் நகை போட்டால் காது அரிக்கிற ஆளாக இருந்தால் உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. வீக்கம் வடிந்ததும் கம்பியைக் குட்டையாக மாற்றுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் சூடான களி, காரக் குழம்பு, மிளகாய்த்தூள் தொட்ட மாங்காய் எதுவும் வேண்டாம், ஆறின கேழ்வரகுக் கூழ், மோர், தயிர்சாதம் போதும். ஐஸ் துண்டை வாயில் வைத்துக் கரைய விடலாம். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், மவுத்வாஷ் என்றால் ஆல்கஹால் இல்லாதது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், ஏற்கெனவே நம் ஊர்ப் பல்லுக்கு இருக்கிற கறை போதாதா. சிகரெட், ஹான்ஸ், குடி மூன்றையும் காயம் ஆறும்வரையாவது நிறுத்த வேண்டும். கொஞ்சம் சீழ் மாதிரி தெரிந்தால் பதறி நீங்களே கம்பியைப் பிடுங்காதீர்கள், ஓட்டை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே அடைபடலாம், மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஏற்கெனவே போட்டிருக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குண்டு இறுக்கமாக இருக்கிறதா என்று தினம் ஒருமுறை, சுத்தமான கையால் திருகிப் பாருங்கள், தூக்கத்தில் கழன்று விழுந்தால் வயிற்றுக்குள் போவதாவது பரவாயில்லை, மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. கபடி, கிரிக்கெட் என்று இறங்கும்போது கழற்றிவிட வேண்டும். பல்லில் படிகிற மாதிரியே கம்பியிலும் காரை, அதாவது கெட்டியான அழுக்கு, படியும், பல் தேய்க்கும்போது அதையும் தேய்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கோ மயக்கம் கொடுத்துச் செய்கிற ஆபரேஷனுக்கோ போனால் கழற்றியாக வேண்டும், மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் போய்க் கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் அன்றைக்கே கழற்றிவிடுவது நல்லது, கழற்றினால் அதற்கு மேல் உரசல் இல்லை. வருஷக்கணக்கில் போட்டிருந்தால் ஓட்டை முழுக்க மூடாமல் சின்னப் புள்ளியாக நிற்கலாம், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

போட்டோவுக்கும் ரீல்ஸுக்கும் மட்டும்தான் என்றால் உதட்டில் கிளிப் மாதிரி மாட்டுகிற போலி வளையம் கிடைக்கிறது, மாட்டி எடுத்துவிட்டுக் கழற்றிவிடலாம். ஆனால் காந்தத்தில் ஒட்டுகிற ஜோடி ஸ்டட்டை வாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டு காந்தமும் உள்ளே போனால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், குடல் ஓட்டையாகி ஆபரேஷன் வரை போகும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.